கண்டக்டர் ஆகப் போனேன், ஆம்புலன்ஸில் ஏறினேன்

என்னை ஏழு இடத்தில் கட்டியிருந்தார்கள்.

அக்குளிலிருந்து குதிகால்வரை நீளமான மூங்கில் பட்டை ஒன்று. மார்பில் ஒரு கட்டு, இடுப்பில் ஒன்று, தொடையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, முழங்காலில் ஒன்று, கெண்டைக்காலில் ஒன்று, இரண்டு பாதங்களையும் சேர்த்து எட்டுப் போட்ட மாதிரி ஒன்று. போதாக்குறைக்கு என் கைகள் இரண்டையும் மார்புக் கட்டுக்குள்ளேயே வைத்து இறுக்கிவிட்டான் கட்டியவன். அது தப்பு. அந்தத் தப்பை எடுத்துச் சொல்ல வேண்டிய சிஸ்டர் அப்போது வகுப்பில் இல்லை.

ஆரணியில் ஒரு பள்ளிக்கூடத்தின் கடைசி அறை. ஞாயிற்றுக்கிழமை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னைச் சிமெண்டுத் தரையில் மல்லாக்கக் கிடத்தியிருந்தார்கள். அன்றைய முதலுதவிப் பாடத்துக்கு நான் இடது தொடை எலும்பு முறிந்தவன்.

"டீ குடிச்சிட்டு வந்து அவுக்கறேன், அப்படியே இரு" என்று சொல்லிவிட்டு, கட்டிய தேவராஜ் போய்விட்டான். மற்ற இருபது பேரும் அவன் பின்னாலேயே பள்ளிக்கூட வாசலில் இருந்த டீக்கடைக்குப் போய்விட்டார்கள். நான் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கட்டுத் துணியில் கஞ்சி வாசனை. மூக்கில் ஒரு ஈ. அதை ஓட்டக்கூடக் கை இல்லை.

திடீரென்று பக்கத்துச் சாயப்பட்டறையிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம், பெரிய தாமிர அண்டா தரையில் விழுந்த மாதிரி. அடுத்த நொடியே 'புஸ்ஸ்' என்று நெருப்பு அணையும் சத்தம். அதற்கப்புறம்தான் அலறல்.

தெருவில் திமுதிமுவென்று ஓடும் கால்கள் கேட்டன. "ஆக்சிடெண்டு! டேய், ஆக்சிடெண்டுடா!" என்று யாரோ கத்தினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது. ஏழெட்டு வாரமாக ஒருத்தரை ஒருத்தர் கட்டிக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முதல் தடவையாக நிஜத்தில் அடிபட்ட ஒரு ஆள் கிடைத்திருந்தான். இரண்டு பேர் அறைக்குள் பாய்ந்து வந்து, மேஜைமேல் இருந்த முக்கோணத் துணிகளை வாரிக்கொண்டு, என்னைத் தாண்டிக் குதித்து வெளியே ஓடினார்கள்.

"டேய், என்ன அவுத்துட்டுப் போங்கடா!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

விசிலும் தோல் பையும்

அந்தத் தரையில் நான் எப்படிப் போய்ப் படுத்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

என் அப்பா களம்பூரில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அவருக்கு முன்னால் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலைதான். நான் பள்ளி இறுதி வகுப்பு தேறியதும் அப்பாவுக்கு ஒரே ஆசை பிடித்துக்கொண்டது. பையன் கண்டக்டர் ஆக வேண்டும். காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், தோளில் தோல் பை. ஊரே ஏறி இறங்கும் பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று அவர் மகன் அதட்ட வேண்டும்.

கண்டக்டர் லைசென்ஸுக்கு மனுப் போட முதலுதவி வகுப்பில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆரணியில் ஞாயிறுதோறும் அந்த வகுப்பு நடந்தது. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம். மழைக்காலம் முடிந்து பனி ஆரம்பித்திருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அந்தக் காலத்து பஸ்களில் டிரைவர் தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் 'முதலுதவிப் பெட்டி' என்று எழுதியிருக்கும். சின்ன வயசில் தேவிகாபுரம் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு போவேன். உள்ளே ஏதோ பெரிய அதிசயம் இருக்கிறது என்று நினைப்பு. ஒருநாள் டிரைவர் அதைத் திறந்தார். ஊதுவத்திக் கட்டு, கற்பூர டப்பா, ஒரு சீப்பு. அவ்வளவுதான். சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டு மூடிவிட்டார். அன்று எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே வகுப்புக்குப் போகும்போது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் கிடையாது. என்னோடு சேர்ந்த எல்லாருக்கும் அப்படித்தான். வந்த இருபத்திரண்டு பேரும் கண்டக்டர் ஆகப் போகிறவர்கள். 'காயிதம் குடுத்தா போதும், கிளம்பிடலாம்' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

உயரம் பார்த்து ஜோடி

பாடம் எடுத்தவர் எஸ்தர் சிஸ்டர். ஆரணி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்களைவிட மூன்று நான்கு வயசுதான் கூட இருக்கும். மெலிந்த உடம்பு, கணீர் என்ற குரல். முதல் நாளே கரும்பலகையில் ஒரு மனித உடம்பை வரைந்தார். ஆள் பார்க்க உருளைக்கிழங்கு மாதிரி இருந்தான். நாங்கள் சிரித்தோம்.

"சிரிங்க, பரவால்ல. இந்த உருளக்கிழங்கு உங்க பஸ்ஸுல ஏறி, வாசப்படியிலருந்து விழுந்துட்டான்னு வெச்சிக்கங்க. மூச்சு விடல. இன்னா பண்ணுவீங்க?"

"டாக்டராண்ட இட்டுகினு போவோம் சிஸ்டர்."

"டாக்டர் எங்க இருக்காரு?"

"ஆரணியில."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"தேவிகாபுரத்துல."

"அப்ப நடுவுல யாரு இருக்கா?"

அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அந்த நடு இடத்தில் ஒரு ஆள் நிற்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

கட்டுப் போட்டுப் பழக ஜோடி சேரச் சொன்னார். நிமிஷத்தில் ஒரே தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் நானும், என் பக்கம் வரவே வராத இன்னொருவனும் மிஞ்சினோம். நான் எந்த ஊர், எந்தக் காலனி என்று அதற்குள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சிஸ்டர் ஒரு கணம் பார்த்தார். "இது சரி வராது. உயரத்துக்கு ஏத்த மாதிரி நிக்கணும். ஸ்ட்ரெச்சர் தூக்கும்போது ஒருத்தன் நெட்டையா ஒருத்தன் குட்டையா இருந்தா நோயாளி உருண்டு விழுந்துடுவான்" என்று சொல்லி எல்லாரையும் சுவரோரமாக நிறுத்தி அளந்து மாற்றிப் போட்டார்.

எனக்குக் கிடைத்தவன் தேவராஜ். பட்டுத்தறிக் குடும்பம். இருபத்திரண்டு வயசுதான், அதற்குள் தறியில் தேர்ந்த கை. "தறிக் குழியில கால வுட்டு உக்காந்தா நாள் பூரா செவுத்தையே பாக்கணும். பஸ்ஸுல போனா ஊரே ஓடும்ல?" என்பான். அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு லைசென்ஸ் எடுக்க வந்திருந்தான்.

முதல் வாரம் என் முழங்கையில் கட்டுப் போடும்போது துணியின் முனையை மட்டும் விரல் நுனியால் பிடித்துக்கொண்டான். என் தோல் அவன் கையில் படாமல் பார்த்துக்கொண்டான். கட்டு நழுவி என் மணிக்கட்டில் வந்து விழுந்தது. சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "தேவராஜ், இது கட்டா, மாலையா? புடிச்சு அழுத்திக் கட்டு. ரத்தம் போய்க்கினு இருக்குது" என்றார். அவன் முகம் சிவந்துவிட்டது. இரண்டாவது தடவை என் கையை நன்றாகப் பிடித்து அழுத்திக் கட்டினான். மூன்றாவது வாரத்தில் என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தாடைக்குக் கட்டுப் போட்டான். ஐந்தாவது வாரம் எங்களுக்குள் போட்டி. யார் சீக்கிரம் கட்டுவது என்று.

மூச்சு ஊதிப் பழக பொம்மை கிடையாது. கோணிப்பையில் உமி அடைத்து, சட்டை மாட்டி, நாங்களே ஒரு ஆளைச் செய்தோம். அவன் மார்பை அழுத்தினால் உமி பறந்து எல்லாரும் தும்மினோம். ஆனாலும் அந்த உமி மனிதன்மேல் எனக்கு அப்படியொரு பாசம். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மூச்சை எண்ணுவேன். நிமிஷத்துக்குப் பதினாறு, பதினெட்டு. ஞாயிறு எப்போது வரும் என்று திங்கட்கிழமையே காத்திருக்க ஆரம்பித்தேன்.

அது ரத்தம் இல்லை

சரி, மறுபடியும் அந்தச் சிமெண்டுத் தரைக்கு வருகிறேன்.

அன்றைக்கு சிஸ்டர் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்து வர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். இருபத்தோரு பேரும் சாயப்பட்டறைக்கு ஓடிவிட்டார்கள். என் காதில் அந்த 'புஸ்ஸ்' மட்டும் நின்றது. அடுப்பில் தண்ணீர் கொட்டினால்தான் அப்படிச் சத்தம் வரும். காற்றில் புளிப்பாக ஒரு வாடையும் வந்தது. பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது கொதிக்கிற தண்ணீரில் ஊற்றும் திராவகத்தின் வாடை. யாரோ வெந்துபோயிருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

எழுந்திருக்க முடியவில்லை. அக்குள்முதல் கால்வரை பட்டை. வேறு வழி இல்லாமல் உருண்டேன். அறையிலிருந்து வராந்தாவுக்கு, வராந்தாவிலிருந்து இரண்டு படி கீழே, மண்ணில். பள்ளிக்கூடத்து மதில் ஒரு இடத்தில் இடிந்திருந்தது. பிள்ளைகள் குறுக்கே புகுந்து போகிற வழி. அங்கே போய்ச் சேர்ந்து தலையை நீட்டினேன்.

செல்வம் என்ற தொழிலாளி தரையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தார். இடுப்புக்குக் கீழே செக்கச்செவேல் என்று இருந்தது. எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து ரத்தம் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டு காலிலும் நாலைந்து பேர் சேர்ந்து இறுக்கி இறுக்கிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டுக்கும் அவர் அலறல் ஏறியது.

"அவுருங்கடா! அது ரத்தம் இல்ல, சாயம்! வெந்துபோயிருக்குதுடா! தண்ணி ஊத்துங்க!"

வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சில் உட்காருகிற ஒருவன் திரும்பிப் பார்த்தான். "நீ இன்னாடா இங்க வந்துட்ட? நீ தொட ஒடிஞ்சவன், அசையக் கூடாது!" என்றான். சத்தியமாக அப்படித்தான் சொன்னான்.

தேவராஜ்தான் குனிந்து செல்வத்தின் வேட்டியைத் தொட்டுப் பார்த்தான். சுட்டது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். அடுத்த நொடி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்து, ஏழு கட்டையும் சரசரவென்று வெட்டினான். "ஜல்தி வா, கிணறு அங்க இருக்குது."

பட்டறையின் கொல்லையில் கிணறு. நான் கயிற்றில் கை வைத்தேன். பட்டறைக்காரர் வயசானவர், பதறிப்போய் நின்றிருந்தார். அந்தப் பதற்றத்திலும் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது.

"யாருப்பா நீ? எந்தத் தெரு?"

கயிறு என் கையில் நின்றுவிட்டது. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"மாமா, அவன் என் ஜோடி. தள்ளுங்க" என்றான் தேவராஜ். என் கைக்குப் பக்கத்தில் அவன் கையும் வந்து கயிற்றைப் பிடித்தது.

வாளி வாளியாக இழுத்தோம். மற்றவர்கள் வரிசையாக நின்று கை மாற்றினார்கள். செல்வத்தின் காலில் போட்ட கட்டுகளையெல்லாம் நனைத்து வெட்டி எடுத்தோம். ஒட்டியிருந்த வேட்டியைப் பிய்க்கப் போனவனின் கையைத் தட்டிவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருத்தர் மாவோடும் ஒருத்தர் நெய்யோடும் வந்தார்கள். கணக்கு எழுதுகிறவர் வெந்த இடத்தில் பூச மசிப்புட்டியைத் திறந்துகொண்டு வந்தார். "வேணாங்க, வேணாங்கம்மா, தண்ணி மட்டும் போதும்" என்று கும்பிட்டுத் தடுத்தோம். ஊற்ற ஊற்ற அலறல் முனகலாகக் குறைந்தது. முற்றம் முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடியது.

சிஸ்டர் ஜட்காவிலிருந்து இறங்கி ஓடி வந்தார். நாங்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டோம், திட்டு விழப்போகிறது என்று.

"ஏன் நிறுத்திட்டீங்க? ஊத்துங்க! ஊத்திகினே இருங்க!"

ஒரு சட்டை உன்னுடையது, ஒன்று என்னுடையது

ஆஸ்பத்திரி வண்டி அன்று ஒரு பிரசவ கேஸை ஏற்றிக்கொண்டு வேலூருக்குப் போயிருந்தது. "தூக்கிகினு போயிடலாம். பாடம் நடத்தினேனே, மறந்துட்டீங்களா?" என்றார் சிஸ்டர்.

பட்டு நூலைக் காயப் போடுகிற இரண்டு மூங்கில்களை உருவினோம். நானும் தேவராஜும் சட்டையைக் கழற்றிப் பொத்தான்களைப் போட்டு, மூங்கில்களைச் சட்டைக் கைகள் வழியாக விட்டோம். இன்னும் இரண்டு பேர் சட்டை கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் தயார். ஈரமான சுத்த வேட்டி ஒன்றால் செல்வத்தின் கால்களைப் போர்த்தி, நான்கு பேர் ஒரே சமயத்தில் தூக்கினோம்.

கடைத்தெரு வழியாக, வெறும் பனியனோடு, கைகளெல்லாம் சிவப்புச் சாயத்தோடு நாங்கள் போன கோலத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிஸ்டர் பக்கத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தார். அவர் விரல்கள் செல்வத்தின் நாடியில் இருந்தன.

"முன்னாடி இருக்கறவங்க இடது கால், பின்னாடி இருக்கறவங்க வலது கால்! ஒரே காலப் போட்டா ஊஞ்சல் மாதிரி ஆடும்! தேவராஜ், கால மாத்து!"

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?"

"நான்தான் சார்" என்று ஏழெட்டுப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். செல்வத்தின் காலில் முதலில் கட்டுப் போட்டவனும் சொன்னான். எனக்குக் கோபமே வரவில்லை. உடம்பு முழுக்க ஏதோ பறந்துகொண்டிருந்தது. மூங்கில் அழுத்திய தோளில் வலி தெரியவில்லை.

செல்வம் ஆறேழு வாரம் படுக்கையில் இருந்தார். தொடையில் தோல் திட்டுத்திட்டாக வெளுத்துப்போனாலும் எழுந்து நடந்தார். பார்க்கப் போனபோது சொன்னார்: "எனக்கு வேற எதுவும் ஞாபகம் இல்ல தம்பி. அந்த எரிச்சல்ல, கட்டிப்போட்ட ஆளு ஒருத்தன் உருண்டுகினு வந்தான். இன்னாடா இதுன்னு இருந்துச்சி."

அப்பா பேசாத நாட்கள்

சான்றிதழ் கிடைத்தது. லைசென்ஸும் கிடைத்தது. செய்யாறு பக்கம் பஸ் விடும் ஒரு தனியார் கம்பெனியில் எனக்கும் தேவராஜுக்கும் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதே வாரத்தில் எஸ்தர் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி வண்டியில கூடப் போறதுக்கு ஒரு ஆள் எடுக்கறாங்க. இப்போதைக்கு தற்காலிகம்தான். ஆறு மாசம் கேஷுவாலிட்டியில பழகணும். நீ வர்றியா? யோசிச்சிச் சொல்லு."

யோசிக்கவே இல்லை. "வரேன் சிஸ்டர்" என்றுவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "நைனா, கண்டக்டர் வேல வேணாம்" என்று நான் ஆரம்பித்ததும் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"காலனி பூரா சொல்லிட்டேன்டா. எம்மவன் கண்டக்டருன்னு."

"இதுவும் வண்டிதான் நைனா."

"இன்னா வண்டி? பொணம் ஏத்தற வண்டி. நீ வந்தா தெருவுல எவனாவது சிரிப்பானா? பேஜாருடா."

"பொணம் ஆவறதுக்கு முன்ன ஏத்தற வண்டி."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கப்புறம் பல வாரம் தேவைக்கு மட்டும்தான் பேசினார். தேவராஜ் கண்டக்டர் ஆனான். சந்தோஷமாக விசில் ஊதினான். அவன் பஸ்ஸில் முதலுதவிப் பெட்டியில் நிஜமாகவே கட்டுத் துணி இருந்தது. அதை நானே சோதித்துப் பார்த்தேன்.

நாடி பார்த்த நாட்கள்

அந்த ஆறு மாசம் மாதிரி ஒரு காலம் எனக்கு மறுபடி வாய்க்கவில்லை.

காலையில் போனதும் பெட்டியை அடுக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். சிஸ்டர் நிஜமாகவே என் கண்ணைக் கட்டிவிட்டு "பஞ்சு! கத்தரி! நாலு இஞ்ச் ரோலர் துணி!" என்று கேட்பார். ஆக்சிஜன் சிலிண்டரின் சாவியை எந்தப் பக்கம் திருப்புவது, ரத்த அழுத்தக் கருவியில் பாதரசம் இறங்கும்போது முதல் 'டப்' எங்கே கேட்கிறது, மயங்கிக் கிடப்பவனை எப்படிப் பக்கவாட்டில் சாய்ப்பது, எல்லாம் கற்றேன். முதல் முறையாக அந்த 'டப்' காதில் விழுந்தபோது "கேக்குது சிஸ்டர்!" என்று கத்திவிட்டேன். படுத்திருந்த பாட்டி பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டது.

கையில் கடிகாரம் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிடைத்தவர்களின் நாடியையெல்லாம் எண்ணினேன். வாட்ச்மேன், பெருக்க வருகிற அம்மா, மருந்து வாங்க நிற்கிறவர்கள். வீட்டில் கட்டியிருந்த ஆட்டைக்கூட விடவில்லை.

வண்டி டிரைவர் பாஷா பாய். பழைய வேன், வெள்ளை நிறம், கூரையில் சிவப்பு விளக்கு, கயிறு இழுத்தால் அடிக்கும் மணி. "பேட்டா, பின்னாடி நீ நின்னா நான் பள்ளம் பாத்து ஓட்டுவேன். நீ அவன் மூஞ்சப் பாரு, ரோட்டப் பாக்காத. ரோடு என்னுது" என்பார். தினமும் சிஸ்டரோ வேறொரு நர்ஸோ வண்டியில் வருவார்கள். அவர்கள் சொன்னதை நான் செய்வேன். தனியாகப் போகிற நாள் வரும் என்று மனசுக்குள் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது.

களம்பூரிலிருந்து போன்

அந்த நாள் அறுவடை முடிந்து மில்களெல்லாம் முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்த சமயத்தில் வந்தது. முற்பகல். களம்பூர் மில்லிலிருந்து போன். மெஷின் பெல்ட்டில் ஒருவன் கை மாட்டிக்கொண்டது, ரத்தம் நிற்கவில்லை.

அப்பா வேலை செய்கிற மில்.

சிஸ்டர் பிரசவ அறையில் இருந்தார். கதவிடுக்கில் தலையை நீட்டி, "நீ போ. நான் வர முடியாது. உனக்குத் தெரியும், போ!" என்றார். பாஷா பாய் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருந்தார்.

அடிபட்டவன் யார் என்று போனில் சொல்லவில்லை. வழியெல்லாம் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன்.

மில் முற்றத்தில் கூட்டம். நடுவில் ஏழுமலை, மெஷின் ஓட்டுகிறவர். முழங்கைக்குக் கீழே கிழிந்திருந்தது. யாரோ காபித்தூளை அப்பி, துண்டைச் சுற்றியிருந்தார்கள். துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் அப்பாவும் நின்றிருந்தார், முழுசாக, தோளில் கோணியோடு. ஒரு மூச்சு விட்டேன். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

"டாக்டர் வரலியா?" என்றார் மில் மேனேஜர்.

"நான்தாங்க வந்திருக்கேன். கொஞ்சம் காத்து வுடுங்க."

துண்டின் மேலேயே தடிமனாகப் பஞ்சை வைத்து அழுத்திக் கட்டினேன். ஊறியது. மேல் கையின் உட்புறத்தில் விரல்களை வைத்துத் தேடினேன். தசைக்கு அடியில் ரத்தக்குழாய் துடித்தது. எலும்போடு சேர்த்து அழுத்தினேன். சொட்டுவது மெதுவானது. இன்னும் அழுத்தினேன். நின்றது.

"யண்ணா, மூஞ்சியத் திருப்பாதீங்க, என்னப் பாருங்க. உங்க பேரு இன்னா?"

"ஏழுமல..."

"நான் கைய எடுக்க முடியாது. நாலு பேர் வாங்க, தூக்கணும். முட்டிய மடக்கி, நான் மூணு சொன்னதும் ஒண்ணா."

முதலில் வந்தவர் அப்பா. அவரோடு மூட்டை தூக்குகிறவர்கள் மூன்று பேர். அவர்களுக்கு முட்டியை மடக்கச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழுமலை ஒரு அலுங்கல் இல்லாமல் மேலே எழுந்தார்.

"கைய ஒருத்தர் தூக்கிப் பிடிக்கணும், ஆஸ்பத்திரி வரைக்கும்" என்றேன்.

அப்பா வண்டியில் ஏறி, ஏழுமலையின் கையைத் தன் இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பயணத்தில் நான் பார்த்ததெல்லாம் ஏழுமலையின் முகம் ஒன்றுதான். உதடு வெளுக்கிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்துக்கொண்டே அவரைப் பேச வைத்தேன். பிள்ளைகள் எத்தனை, பெரியவள் பேர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டேன். மேலே மணி கணகணவென்று அடித்தது. வண்டி வளைந்து வளைந்து போனது. என் விரல்கள் மரத்துப்போய், அப்புறம் எரிந்து, அப்புறம் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போயின. எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் எஸ்தர் சிஸ்டர் நின்றிருந்தார். என் விரல்களுக்குப் பக்கத்தில் தன் விரல்களை வைத்தார்.

"விடு. நான் புடிச்சிட்டேன்."

விட முடியவில்லை. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தார்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார். கையும் தப்பியது. இரண்டு விரல் மட்டும் மடங்காமல் போய்விட்டது.

டாக்டர் உள்ளே இருந்து வந்து "பயமில்ல" என்று சொன்ன பிறகு நானும் அப்பாவும் கொல்லைப்புறக் குழாயில் கை கழுவினோம். அவர் சட்டையெல்லாம் ரத்தம். நெடுநேரம் தேய்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"ஏண்டா, மில்லு மொதலாளி காரு எதிர்ல வந்துச்சே, பாத்தியா?"

"இல்ல நைனா."

"ஓரமா ஒதுங்கி நின்னுச்சிடா. மண்ணுல எறங்கி நின்னுச்சி. நெல்லு லாரி, பஸ்ஸு, மாட்டு வண்டி, அல்லாம் ஒதுங்கி வழி வுட்டுச்சி. நமக்கு."

"நான் எதையும் பாக்கல நைனா. அவரு மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன்."

"நான் பாத்தேன்" என்றார் அப்பா.

களம்பூர் பஸ் ஏற்றிவிடப் போனபோது அதையே இன்னும் இரண்டு தடவை சொன்னார். பஸ்ஸில் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.